பலா இலைக் கச்சேரி

எங்கள் ஆட்டுக்குப் பாட வரும் என்பதை உலகத்துக்கு அறிவித்தே தீருவது என்று முடிவு செய்தேன். உலகம் என்றால் முதலில் ஏற்காட்டின் ஒண்டிக்கடை முச்சந்தி. என் மிளகுக் கடை அங்கேதான் இருக்கிறது.

பக்ரீத்துக்கென்று குட்டியாக வாங்கிய கிடா அது. என் மனைவி ஆசியா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். பெயர் மட்டும் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வைக்கவில்லை. "கண்ணு" என்று மட்டும் கூப்பிட்டாள்.

ஒரு காலையில், கொல்லையில் நின்று நான் ஒரு பாட்டை இழுத்தேன். "ம்ம்மே" என்றது. நிறுத்தினேன். அதுவும் நிறுத்தியது. மறுபடி இழுத்தேன். மறுபடி "ம்ம்மே". புல் தின்பது அது, புல்லரித்தது எனக்கு.

உடனே செல்போனில் தேடினேன். அந்தக் காலத்திலேயே வெளிநாட்டில் பாடும் எலியைக் கூண்டில் வைத்து டிக்கெட் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கேனரிக் குருவிக்குச் சின்னப் பெட்டி வாத்தியத்தைச் சுற்றிச் சுற்றி மெட்டுப் பழக்கியிருக்கிறார்கள். பியானோவோடு சேர்ந்து ஊளையிட்ட நாய்க்குக் கைதட்டியிருக்கிறார்கள். அந்த எலி எதற்காகப் பாடியது என்பதுதான் எனக்குத் தீராத சந்தேகம்.

"ஆசியா, இது சாதாரண ஆடு இல்ல. கலைஞன்."

"அப்படிங்களா?" வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை அவள். "அடுத்த வாரம் பக்ரீத்துங்களே. கறிக்கடைக்காரருகிட்டச் சொல்லியாச்சுங்களே."

"பாடுற தொண்டையில கத்தி வைக்கிறதா? உனக்கு மனசே இல்லையா?"

"எனக்கெங்கங்க இருக்குது? நீங்க சொன்னாச் செரிங்க."

நானே அடிவாரத்துக்குப் போய் வேறு கிடா வாங்கி வந்தேன். பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கச்சேரி என்று கடை கடையாக அழைத்தேன்.

சனிக்கிழமை ஆசியா வாழவந்தியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தனியாக ஒத்திகை பார்த்தேன். பாடினேன். ஆடு என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுப்படி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு கட்டு பலா இலை. ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"ம்ம்மே."

சாயங்காலம் வந்தவளிடம் கேட்டேன். "நான் பாடுறப்பெல்லாம் எலை காட்டுனியா?"

"ஆமாங்க."

"அறுக்க வேண்டாமுன்னு நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா உட்டிருப்பீங்களா?"

ஆடு பிழைத்ததில் வருத்தம் இல்லை. என் பாட்டுக்கென்று இருந்த ஒரே ரசிகனும் போய்விட்டானே என்றுதான் மனசு நொந்தது.

"நாளைக்கு ஊரே வருது. மானம் போயிரும் புள்ள."

"ஏனுங்க போவுது? எப்பவும் போல எலையைக் காட்டுனாப் பாடிட்டுப் போவுது. என்ன, சன்னலுக்குக் கீழ மறைஞ்சு குனிஞ்சு நிக்கோணும். கச்சேரி முடியற வரைக்கும் குனிய எனக்கு இடுப்பு ஒத்துக்காதுங்க."

"நான் குனிஞ்சா, பாடுறது யாரு?"

"பாத்துக்கலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொல்லை நிரம்பியது. ஆசியா பாடினாளாம், ஆடும் பாடியதாம், பிரமாதமாக இருந்ததாம். கைதட்டல் மட்டும் எனக்கு அடுப்படிக்குள் நன்றாகவே கேட்டது.