உடைந்தாலும் பாதுகாப்பு

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து கடல் தொடங்கும் ஓரத்தில், நரியார் ஒரு நீர்மூழ்கி செய்தார். இரும்பெல்லாம் பழைய காலத்து ஆட்களுக்கு என்று சொல்லிவிட்டு, கார்பன் ஃபைபர் நாரைச் சுற்றிச் சுற்றிப் பிசின் ஊற்றிச் செய்த உருளை அது. அதைத் தட்டிப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் வேலை அல்லி என்ற மரங்கொத்திக்கு. அல்லி அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒரே தட்டில் உள்ளே என்ன நிலவரம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

முதல் பயணம் முடிந்து தட்டியபோது 'கணீர்' என்றது. நான்காவது முடிந்தபோது 'டொப்' என்றது. ஐந்தாவதற்குப் பக்கத்துக் கிளை அணில் கனகு, மூன்று பிள்ளைகளோடு போகப் பெயர் கொடுத்திருந்தாள். அல்லி சொல்ல வேண்டியதை இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு நரியாரிடம் போனாள்.

"சார், தட்டினா முன்ன மாதிரி கணீர்னு கேக்கல. ஆழத்துக்குப் போய் வர்ற ஒவ்வொரு தடவையும் உள்ள கொஞ்சம் கொஞ்சமா நார் அறுந்துக்கிட்டே வருது. இனிமே இறக்க வேண்டாம்."

"நாலு தடவை பத்திரமாப் போய் வந்திருக்கேம்மா."

"அதனாலதான் சார் சொல்றேன்."

"சத்தம் குறைஞ்சா நல்லதுதானே? இல்ல, நீ தட்டித் தட்டித்தான் அது நொந்துபோச்சா?"

அல்லி கையெழுத்துப் போடவில்லை.

"சரி, இதைச் சோதனைப் பயணம்னு வச்சுக்குவோம். அதுக்குக் கையெழுத்து வேண்டாம்," என்று நரியார் கனகுவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, ஆறு கடலாமைகளை ஏற்றினார். பயணிகள் படிவத்தில் 'நீச்சல் தெரியுமா' என்ற கேள்வி இல்லை.

"ஜன்னல் சீட் கிடைக்குமா?" என்றது மூத்த ஆமை. "தினம் பாக்குற இடந்தான். உக்காந்து பாத்ததில்ல."

பாதி ஆழத்தில் நீர்மூழ்கி நொறுங்கியது. சத்தம் கரை வரை கேட்டது. சற்று நேரத்தில் ஆறு ஆமைகளும் கரையேறின.

"இறங்கறதுக்குக் கதவே தேட வேண்டியதில்ல. நல்ல வசதி," என்றது மூத்தது.

நரியார் அறிக்கை எழுதினார்: பயணிகள் ஆறு, பிழைத்தவர் ஆறு. மிதந்து வந்த நாரைப் பொறுக்கி, மறுபடி பிசின் ஊற்றி, 'உடைந்தாலும் பாதுகாப்பு' என்று பலகையும் மாட்டினார்.

கனகு பிள்ளைகளுக்கு வால் சீவி அழைத்து வந்தாள். அல்லி அறுந்த நாரைப் பற்றிச் சொன்னாள்.

"எங்கடி? பளபளன்னுதானே இருக்கு," என்றாள் கனகு.

அல்லி வழக்கம்போலப் போய்த் தட்டினாள். கொஞ்சம் அழுத்தி, ஒரே இடத்தில், நூறு தடவை. அணில் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"அய்யோ, தண்ணி வருமே," என்று கனகு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பினாள். வரிசையே கலைந்தது. அல்லிக்கு வேலை போனது. ஆமைகள் மட்டும் நின்றன. ஓட்டையோரச் சீட் யாருக்கு என்று அவற்றுக்குள் தகராறு.

நீதி: உள்ளிருக்கும் விரிசலை எடுத்துச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல பரிசோதகர், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு ஓட்டை போட்டுவிட்டு வர வேண்டும்.