கஜவஜ்ராவில் கசகசா

பாயசம் சோப்புத் தண்ணீர் போல நுரைத்துக்கொண்டு விளிம்புக்கு ஏறியபோதுதான், தான் கொட்டியது பால் பவுடர் இல்லை என்று ரோஷ்ணிக்கு உறைத்தது.

கூடத்தில் ஜீந்த் ஊரிலிருந்து பெண் வீட்டார் ஆறு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய கொழுந்தன் ஜெய்வீரைப் பார்க்க வந்தவர்கள். பால் பத்தவில்லை. அலமாரியில் ஒரு தூக்கு நிறைய வெள்ளை மாவு இருந்தது. ஒரு கை அள்ளிப் போட்டாள். கெட்டியாகவில்லை. இன்னொரு கை போட்டாள். அப்புறம் பொறுமையிழந்து தூக்கையே கவிழ்த்துவிட்டாள்.

இப்போது ஜன்னல் வழியே பார்த்தால், கழுவிய டப்பா ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு யானை தும்பிக்கையை விட்டுவிட்டுப் புஜத்தை முறுக்கிக் காட்டியது. ‘கஜவஜ்ரா’. ஜெய்வீர் தன் பழைய பைக்கை விற்று வாங்கிய சத்துப் பவுடர். டப்பாவில் எறும்பு ஏறிவிட்டது என்று காலையில்தான் மாவைத் தூக்கில் மாற்றியிருந்தான்.

“எறும்பே தேடி வருதுன்னா அசல் சரக்கு பாபி!” என்று அண்ணியிடம் வேறு சொல்லியிருந்தான்.

வேறு வழியில்லை. நுரையை வழித்து எறிந்துவிட்டு, மேலே முந்திரியைத் தூவிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெண்ணின் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார். ரோஷ்ணி முக்காட்டுக்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அடேயப்பா! பாயசமா, பஞ்சா? இன்னொரு கிண்ணம் கொடும்மா. பையனுக்கு ரயில்வே வேலை கிடைக்கட்டும். அடுத்த நாளே நிச்சயம் பண்ணிடலாம்.”

ரயில்வே வேலை கிடைக்க வேண்டுமானால், வரப்போகும் மாநிலக் குஸ்தி அணித் தேர்வில் ஜெய்வீர் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டுமானால் கஜவஜ்ரா வேண்டும் என்று அவன் நம்பினான். அந்த கஜவஜ்ரா இப்போது ஜீந்துக்காரர்களின் வயிற்றில் இருந்தது.

விருந்தாளிகளின் ஜீப் தெருமுனை தாண்டுவதற்குள் ரோஷ்ணி பொட்டுக்கடலையை மிக்ஸியில் போட்டுவிட்டாள். கடலை மாவு, நிஜமான பால் பவுடர், சர்க்கரை, ஏலக்காய் எல்லாவற்றையும் கலந்து டப்பாவை நிரப்பி, மூடி, யானையைத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஜெய்வீர் ஒரு குவளை கலக்கிக் குடித்தான். குவளையைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான்.

“பாபி, இது ருசியா இருக்கே!”

“நல்லதுதானே?”

“என்ன நல்லது? முந்தியெல்லாம் சுண்ணாம்பைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கும். பொங்கிக்கிட்டு நுரை வரும். இதுல நுரையே இல்ல. கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான். இன்னிக்கே ரோத்தக் போய் அவன் சட்டையைப் பிடிக்கிறேன்.”

ஜெய்வீர் எண்பத்தாறு கிலோ. கடைக்காரர் ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி வேறு. ரோஷ்ணி அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

“டப்பாவைக் குலுக்காமக் குடிச்சா எப்படி நுரை வரும்? சாயங்காலம் குலுக்கிட்டுக் குடிச்சுப் பாரு.”

சாயங்காலத்துக்குள் சமையல் சோடாவை ஒரு கரண்டி சேர்த்தாள். நுரை வந்தது. பிரமாதமாக வந்தது. அதோடு ஏப்பமும் வந்தது.

மறுநாள் குஸ்திக்கூடத்தில் ஜெய்வீர் ஏப்பம் விட்டபடியே எதிராளியைத் தூக்கினான். அந்தச் சத்தத்தில் எதிராளி தானாகவே பிடியை விட்டுவிட்டான். பயிற்சியாளர் பலே ராம் தொடையைத் தட்டினார்.

“பார்த்தீங்களாடா? சிங்கம் உறுமுது!”

சிங்கம் வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தது.

“பாபி, உள்ளுக்குள்ள யாரோ குஸ்தி போடறாங்க.”

மாமியார் சந்தோ தேவி மகன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே புலம்பினாள். “இந்த டப்பா விஷத்தைக் குடிக்காதேன்னு அடிச்சுக்கிட்டேனே. அதுல போட்டிருக்கிற எழுத்தை எறும்புகூடப் படிக்க முடியாது. என்னத்தைக் கலக்குறான்னு எந்தத் தாய்க்குத் தெரியும்?”

என்னத்தைக் கலந்தோம் என்று ரோஷ்ணிக்குத் தெரியும். அவள் போய் டப்பாவைக் கொட்டி, சோடா இல்லாமல் புதிதாகக் கலந்தாள். புண்பட்ட வயிற்றுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்த கசகசா மொத்தத்தையும் வறுத்துப் பொடித்துச் சேர்த்தாள். டப்பா விளிம்புவரை நிறைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. வயிறு சரியானது. ஜெய்வீர் குழந்தை மாதிரித் தூங்கினான். காளை மாதிரி எழுந்தான்.

“ருசி மறுபடியும் மாறிடுச்சு பாபி. லேசாக் கசக்குது. மருந்துன்னா இப்படித்தான் இருக்கணும். கடைக்காரன் மேல சந்தேகப்பட்டது பாவம்.”

டப்பாவைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டான். பிறகு குஸ்திக்கூடத்துக்கும் கொண்டுபோக ஆரம்பித்தான். கூடத்தில் இருந்த பயில்வான்கள் எல்லோரும் அதைக் குடித்தார்கள். பலே ராமும், ருசி பார்ப்பதற்காக என்று சொல்லித் தினமும் குடித்தார்.

“கம்பெனிக்காரன் தர்மவான் பாபி! இத்தனை பேர் குடிச்சும் டப்பா தீரவே மாட்டேங்குது.”

பொட்டுக்கடலை ஊறி உப்பும், அதனால்தான் போலிருக்கிறது என்று ரோஷ்ணி நினைத்துக்கொண்டாள். நன்றாக நடக்கும் விஷயத்தை எதற்குக் கிளறிப் பார்ப்பது?

தேர்வு நெருங்கியது. ஒருநாள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே ஜெய்வீர் சொன்னான், “நாளைக்கு ஊக்கமருந்துச் சோதனை பண்ண எங்க கூடத்துக்கே டாக்டர் வர்றாங்க.”

“வரட்டுமே. நீ என்ன ஊசியா போட்டுக்கிட்டே?”

“ஊசியே வேண்டாம் பாபி. போன வருஷம் ஹிசார்ப் பையன் ஒருத்தன் மாட்டினான். என்ன தின்னான் தெரியுமா? குருமா! அதுல கசகசா அரைச்சு விட்டிருந்தாங்களாம். அபின் மாதிரியே காட்டிடுச்சாம். ரெண்டு வருஷம் தடை.”

ரோஷ்ணியின் கையிலிருந்த ரொட்டி அடுப்புக்குள் விழுந்தது.

விடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குஸ்திக்கூடத்துக்கு ஓடினாள். பெண்கள் அங்கே போவதில்லை. லங்கோட்டோடு நின்ற பயில்வான்கள் அவளைக் கண்டதும் மண்மேட்டுக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்தார்கள்.

பலே ராம் பதறி வந்தார். “என்ன மருமகளே, வீட்டுல யாருக்காவது ஏதாவது...?”

“குருஜி, அந்த டப்பாவுல கஜவஜ்ரா இல்ல. நான் அரைச்ச மாவு. அதுல கசகசா இருக்கு.”

பலே ராம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மீசை இரண்டு பக்கமும் தொங்கியது.

“எவ்வளவு?”

“வீட்டுல இருந்தது பூரா.”

“அடிப் பாவி! என் கூடமே குடிச்சிருக்கேம்மா! நானும் குடிச்சேனே!” சட்டென்று எழுந்தார். “பயலுங்ககிட்ட மூச்சு விடாதே. பயந்தே செத்துடுவானுங்க. டாக்டர் வர இன்னும் நேரம் இருக்கு. தண்ணியைக் குடிக்கவச்சு எல்லாத்தையும் கழுவி வெளியேத்திடலாம்.”

“டேய்! எல்லாரும் அடிகுழாய்க்கு வாங்கடா! இன்னிக்குப் புதுப் பயிற்சி!” என்று மண்மேட்டைப் பார்த்துக் கத்தினார்.

பயில்வான்கள் குடித்தார்கள். குடம் குடமாகக் குடித்தார்கள். யாராவது போதும் என்றால் பலே ராம் கம்பை எடுத்தார். டாக்டர் அஹ்லாவத் ஜீப்பில் வந்து இறங்கியபோது வரிசையாக நின்றவர்கள் எல்லோரும் நடனமாடுவது போலக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

டாக்டர் அம்மாள் முதல் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள்.

“குருஜி, இது சிறுநீரா, அடிகுழாய்த் தண்ணியா?”

“பசங்க... சுத்தமான பசங்க டாக்டர்.”

“இவ்வளவு தெளிவா இருந்தா நான் எடுத்துக்க முடியாது. எதையோ மறைக்கிறதுக்குத்தான் இப்படிக் குடிப்பாங்க. சரியான மாதிரி வர்றவரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். யாரும் நகரக் கூடாது.”

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவனிடமும் மஞ்சளாக ஒரு சீசா வாங்கி, முத்திரை வைத்து, பலே ராமை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த சில வாரங்கள் ரோஷ்ணி தூங்கவில்லை. ஜெய்வீர் தேர்வில் எல்லோரையும் புரட்டிப் போட்டு ஜெயித்தான். ஊரே தலைப்பாகையை வீசிக் கொண்டாடியது. அவள் மட்டும் சமையலறையில் மூலையில் உட்கார்ந்து அழுதாள். சோதனை முடிவு வந்தால் வெற்றி போகும், வேலை போகும், ஜீந்துப் பெண் போவாள். எல்லாம் ஒரு பாயசத்தால்!

ஒருநாள் டாக்டரின் ஜீப் மறுபடியும் வந்து நின்றது. ஊர் முழுக்கக் குஸ்திக்கூடத்தில் கூடிவிட்டது. ரோஷ்ணியும் போனாள். ஜெய்வீரின் மேல் பழி விழுமுன் தானே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

டாக்டர் அஹ்லாவத் ஜீப்பிலிருந்து இறங்கிச் சிரித்தாள்.

“பலே ராம்ஜி, மாவட்டத்திலேயே ஒருத்தன்கூட மாட்டாத கூடம் உங்களுது மட்டும்தான். மத்த இடத்துல கொத்துக் கொத்தா மாட்டியிருக்காங்க. எல்லாம் கஜவஜ்ரான்னு ஒரு பவுடர். ரகசியக் கலவைன்னு போட்டுட்டு உள்ள தடை பண்ணின மருந்தை வச்சிருக்கான். மிச்சமெல்லாம் மைதா, சாயம், சுண்ணாம்பு.”

ஜெய்வீரின் முகம் வெளிறியது. “நாங்களும் அதைத்தானே குடிச்சோம்?”

ரோஷ்ணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. முக்காட்டை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். பாயசத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கூட்டம் வாயைப் பிளந்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. ஜெய்வீர் அண்ணியின் காலைத் தொட்டு, டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஆடினான்.

“யானை இல்லடா, என் பாபிதான் என்னை ஜெயிக்க வச்சாங்க!”

பலே ராமின் மீசை மறுபடியும் மேலே ஏறியது. “இந்த மாவை நாமளே விப்போம். ‘ரோஷ்ணி மாவு’ன்னு பேர் வைப்போம். எல்லாருக்கும் ஒரு குவளை கலக்குங்கடா!”

டப்பா காலியாகும்வரை கலக்கினார்கள். ஊரே குடித்தது. டாக்டர் அம்மாளும் பாதிக் குவளை குடித்துவிட்டு, “பரவாயில்லையே, லேசாக் கசந்தாலும் தெம்பா இருக்கு” என்றாள். பிறகு யோசனையோடு ரோஷ்ணியைப் பார்த்தாள்.

“ஒண்ணுதான் புரியல. அவ்வளவு கசகசா போட்டிருந்தா கொஞ்சமாவது காட்டியிருக்கணுமே?”

பெண்கள் வரிசையின் பின்னாலிருந்து சந்தோ தேவி எட்டிப் பார்த்தாள். “கசகசாவா? அந்த டப்பாவுலயா? புள்ளைக்கு வயித்து வலி வந்த அன்னிக்கு ராத்திரியே அந்த டப்பா விஷம் மொத்தத்தையும் நான் சாக்கடையில கொட்டிட்டேனே! அதுக்கப்புறம் நான் தினம் ராத்திரி நிரப்பி வச்சு நீங்க எல்லாரும் குடிக்கிறது, கன்னு போட்ட நம்ம எருமைக்கு இடிச்சு வச்ச தவிடும் வெந்தயமும்!”