சாய்வு சார் போட்ட அடைப்புக்குறி

திருநெல்வேலியில் சாய்வு சாரிடம் திட்டு வாங்காத பெயர்ப்பலகை ஒன்றுகூடக் கிடையாது. செடியோ பூச்சியோ கிருமியோ, அதன் அறிவியல் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. பக்கத்தில் இருப்பவருக்கும் இறங்க விட மாட்டார்.

நான் தச்சநல்லூரில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறேன். படிப்பு பத்தாவது வரைதான். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அவர் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். தலை முழுக்க நரைத்த பிறகும் தற்காலிக வாத்தியார்தான். மாணவர்களின் ஆய்வேடுகளோடு எங்கள் கடைக்கு வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சாய்ம்மா, சாய்" என்பார். முதல் நாள் நான் பயந்துபோய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நீ இல்ல தாயி. எழுத்து."

அறிவியல் பெயரைச் சாய்ந்த எழுத்தில்தான் அடிக்க வேண்டுமாம். அன்றைக்கே கடை முதலாளி அண்ணாச்சி அவருக்குச் சாய்வு சார் என்று பெயர் வைத்துவிட்டார்.

ஜங்ஷனில் ஒரு ஜூஸ் கடைக்காரர் மாம்பழப் படத்துக்குக் கீழே அதன் அறிவியல் பெயரையும் பெருமையாகப் போட்டிருந்தார். எல்லாமே பெரிய எழுத்து. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த சார் அதைப் பார்த்து நடுவழியில் இறங்கிவிட்டார். முதல் சொல்லுக்கு மட்டும்தான் பெரிய எழுத்து, இரண்டாவது சொல் நம் நாட்டின் பெயரிலிருந்தே வந்திருந்தாலும் சின்ன எழுத்துதான் என்று அங்கேயே பாடம். ஜூஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தியாவையே சின்னதாக்கிப் போடச் சொல்லுதீரே, நல்லாருக்கா சார்?" என்றாராம்.

டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கொசு ஒழிப்புப் பேனரைப் பார்த்ததும் தள்ளாடிக்கொண்டே அதன் பக்கம் போய்விட்டார். கொசுவின் பெயர் சாயாமல் விறைப்பாக நின்றது. நர்ஸைக் கூப்பிட்டு, "கடிச்சது கொசுதான். அதுக்காக உள்ள மரியாதையக் கொடுக்காம இருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் மனைவி மலர்க்கொடிதான் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்து வந்தாள்.

மழைக்காலத்தில் அவரைக் கூட்டிப்போகக் குடையோடு கடைக்கு வருகிறவளும் மலர்க்கொடிதான். வீட்டை எதிர்த்து அவரைக் கட்டிக்கொண்டவள். அவளுடைய அப்பா சுடலைமுத்து கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் அவள் வாசல் மிதிக்கவில்லை.

அப்படி ஒரு மழை நாளில், பூவரசின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து நிற்பதைப் பார்த்து, இனிஷியலை ஏன் கடைசியில் போட்டிருக்கிறீர் என்று அண்ணாச்சி கேட்டார். சார் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். டீ ஆற ஆறப் பாடம் நடந்தது. இரண்டு சொல்லில் முதல் சொல்தான் நம் இனிஷியல் மாதிரி. முதல் தடவை முழுசாக எழுத வேண்டும், அதற்குப் பிறகு ஓரெழுத்தும் புள்ளியும் போதும். கடைசியில் நிற்பது அதற்குப் பெயர் வைத்த ஆள். அவர் சாயக் கூடாது, நேராக நிற்க வேண்டும். பூவரசை முதலில் செம்பருத்திக் கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள், அப்புறம் வேறு இனத்துக்கு மாற்றினார்கள்.

"இனம் மாறினாலும் மொதல்ல பேரு வச்ச ஆள விட்டுறப்படாது. அடைப்புக்குறிக்குள்ள போட்டு வைக்கணும். அதான் சட்டம்."

"அப்போ கட்டிக்கொடுத்த பொண்ணு மாதிரின்னு சொல்லும்" என்று அண்ணாச்சி சிரித்தார். மலர்க்கொடி சிரிக்கவில்லை. மழை விட்டிருந்தது. அவள் குடையை விரித்து மடக்கினாள்.

போன ஐப்பசியில் அவள் இறந்துபோனாள். வந்த நோய் சொல்லிக்கொள்ள நேரம் தரவில்லை. எடுத்த அன்று சுடலைமுத்து தெருமுனை வரை வந்து நின்றிருக்கிறார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷப் பத்திரிகை அடிக்க சார் தன் தம்பியோடு வந்தார். தம்பி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சார் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'விசேஷம்' என்பதை நான் பதற்றத்தில் 'விஷேசம்' என்று அடித்திருந்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். பார்த்தார். மறுபடியும் தரைக்குத் திரும்பிவிட்டார். இந்த மனிதர் ஒரு பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. நானே திருத்தினேன்.

பெண் வீட்டார் பெயர் என்று அண்ணாச்சி மெதுவாக இழுத்தார். அது வேண்டாம் என்றான் தம்பி. பத்திரிகையில் பெயர் இல்லையென்றால் கிழவர் சுடலைமுத்து பதினாறுக்கும் தெருமுனையோடு திரும்பிப் போக வேண்டியதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாருக்கும் தெரியும்.

அவர் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அவ பேருக்குப் பொறவு ஒரு அடைப்புக்குறி போடும்மா. உள்ள சுடலைமுத்துன்னு அடி."

"யண்ணே, கல்யாணத்துக்கே வராத மனுசன். அவரு பேரு எதுக்கு? நம்ம ஆளுவ என்ன பேசுவாவ?"

"அவ இனிஷியல்தாம்ல என்னோடது. பேரு அவரு வச்சது."

சொன்னபடி அடித்தேன். பத்திரிகையின் பெயர்களை எல்லாம் அழகுக்காகச் சாய்த்துத்தான் வைத்திருந்தேன். சார் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"இவரச் சாய்க்காத தாயி. நேரா நிக்கட்டும்."

பத்திரிகையைச் சாரே கொண்டுபோய்க் கொடுத்தாராம். பதினாறு அன்று அண்ணாச்சி போய்விட்டு வந்து சொன்னார். கிழவர் பந்தலுக்குள் வந்து, கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. மடித்த பத்திரிகையைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாராம். சார் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாராம்.

அதற்குப் பிறகு சார் கடைக்கு வருவதில்லை. கல்லூரி வேலையையும் விட்டுவிட்டார் என்கிறார்கள். வழியில் பார்த்தவர்கள் சொன்னதுதான், பைய நடந்து போகிறாராம், போர்டுகளை நிமிர்ந்து பார்ப்பதில்லையாம்.

போன வாரம் எங்கள் கடை வாசலுக்கு வேப்பமரப் படம் போட்டு ஒரு புதுப் பேனர் அடித்தோம். கீழே அதன் அறிவியல் பெயர். எல்லாமே பெரிய எழுத்து, ஒன்றுகூடச் சாயவில்லை. தப்பென்று தெரிந்துதான் அடித்தேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, மாற்றச் சொல்லவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.