காதால் மட்டை வாங்கியவர்

உலகத்தில் எல்லோரும் பொருளைக் கண்ணால் பார்த்து வாங்குகிறார்கள், கையால் தடவிப் பார்த்து வாங்குகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காகவும் வாங்குகிறார்கள். காதால் மட்டுமே வாங்குகிற ஒரே மனிதரை நான் நாமகிரிப்பேட்டையில் பார்த்திருக்கிறேன். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் கணீர் அண்ணன்.

காரணம் அவர் தொழில். நன்றாகக் காய்ந்த விரலி மஞ்சளை ஒடித்தால் கணீரென்று ஓசை வரும். ஈரம் மிச்சமிருந்தால் சத்தமில்லாமல் வளைந்து பிய்யும். மண்டிக்கு வரும் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலியை எடுப்பார், காதோரம் வைத்து ஒடிப்பார், விலையைச் சொல்லிவிடுவார். இதோடு நின்றிருந்தால் அவர் நல்ல வியாபாரி, அவ்வளவுதான். அவர் நிற்கவில்லை. செருப்பு, கதவு, தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் தட்டிக் கேட்டுத்தான் வாங்குவார். ராசிபுரத்தில் ஹெல்மெட் வாங்கப் போனவர் கடையில் இருந்த அத்தனையையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்து, குனிந்து பெட்டி பிரித்துக்கொண்டிருந்த கடைக்காரரின் வழுக்கையிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இது வேண்டாமுங்க" என்று சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவர் மனைவி சரசு அக்காவிடம் கேட்டால் இதைவிடப் பெரிய கதை வரும். "பொண்ணு பாக்க வந்தப்ப என்ற மொகத்தையே பாக்கலீங்க டீச்சர். உள்ள யாரோ ஒரு செம்பக் கீழ போட்டுட்டாங்க. அந்தச் சத்தத்தக் கேட்டுப்போட்டு இந்த மனுசன் தலையாட்டுனாரு. கடைசீல என்னைக் கட்டுனாரா, செம்பக் கட்டுனாரான்னு எனக்கே தெரியாதுங்க."

நான் அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். மண்டிக்குப் பின்னால் மஞ்சள் காயப் போடும் பெரிய சிமென்ட் களம் ஒன்று உண்டு. சீசன் இல்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும். எங்கள் ஊர்ப் பல் டாக்டர் வெளியூரில் பிக்கிள்பால் ஆடிப் பழகிவிட்டு வந்து, அண்ணனிடம் கேட்டு அந்தக் களத்தில் வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் இடுப்பளவுக்கு ஒரு வலையைக் கட்டினார். ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பந்து, ஆளுக்கு ஒரு தட்டையான மட்டை. அவ்வளவுதான் ஆட்டம். மஞ்சள் வந்தால் களத்தைக் காலி பண்ணிவிட வேண்டும் என்பது மட்டும் அண்ணனின் நிபந்தனை.

நாற்பதைத் தாண்டிய பிறகு நான் எதையாவது புதிதாகத் தொடங்குவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். காலையில் அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கும் சாதம் வடிக்க வேண்டாம், யாருடைய விடைத்தாளையும் திருத்த வேண்டாம். நான் செய்கிற காரியங்களிலேயே யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத காரியம் அது ஒன்றுதான். அதனாலேயே அதை அப்படிப் பிடித்துக்கொண்டேன். பந்து வலையைத் தாண்டிப் போய் எதிராளி எட்ட முடியாத இடத்தில் விழும்போது, பத்தாம் வகுப்பு மொத்தமும் பாஸான சந்தோஷம் வரும்.

பிறகு முழங்கை வலிக்க ஆரம்பித்தது. என்னிடம் இருந்தது ஆன்லைனில் ஜோடியாக மலிவாகக் கிடைத்த மர மட்டை. சப்பாத்திப் பலகைக்குக் கைப்பிடி வைத்த மாதிரி கனமாக இருக்கும். கரும்பலகையில் கை தூக்கி எழுதினாலே சுள்ளென்றது. ராசிபுரத்து எலும்பு டாக்டர் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மட்டையை மாத்துங்க. மாத்தியும் வலிச்சா ஆட்டத்தையே விட்டுடுங்க" என்றார். முதல் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டாம் பாதி வீடு வரை கூடவே வந்தது.

பல் டாக்டரின் மட்டை பிரமாதமானது. அதன் விலையைச் சொல்ல அவரே கூச்சப்படுவார். என் சம்பளத்துக்கு அது ஆகாது. மலிவில் நல்லதாக ஒன்று எப்படித் தேர்ந்தெடுப்பது என்று களத்தோரம் நின்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கணீர் அண்ணன் வந்து சேர்ந்தார்.

"ஏனுங் டீச்சர், வண்டி வண்டியா வர்ற மஞ்சள்ல நல்லது எது, சொத்தை எதுன்னு சொல்றவன் நானு. ஒரு மட்டை எடுத்துத் தர மாட்டனா? அதை என்கிட்ட உட்டுருங்க."

"அண்ணா, நீங்க இந்த ஆட்டமே ஆடுனதில்லையே."

"நான் மஞ்சக் கொழம்பும் வெக்கிறதில்லீங்க. வாங்கறது வேற, ஆடறது வேற."

சரி என்றேன்.

முதலில் நல்ல மட்டை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்றார். பல் டாக்டர் பெருந்தன்மையாகத் தன்னுடையதைக் கொடுத்து, "நல்லாப் பாருங்கண்ணா" என்றார். மஞ்சள் வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய மூட்டையாக இருந்தாலும் ஒரு விரலியை ஒடித்துப் பார்க்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒடிக்காமல் பார்த்தால் அது பார்த்ததாகவே ஆகாது. மறுநாள் காலை அண்ணன் மட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது அது இரண்டு துண்டாக இருந்தது. ஆக்ஸா பிளேடு போட்டு நேர்த்தியாக அறுத்திருந்தார்.

பல் டாக்டர் தினமும் பிறர் பல்லைப் பிடுங்குகிறவர். தன் பல்லைப் பிடுங்கிய மாதிரி நின்றதை அன்றுதான் பார்த்தேன். அண்ணனோ அவர் முகத்தைக் கவனிக்கவே இல்லை.

"உள்ள பூராத் தேன்கூடுங்க. பிளாஸ்டிக்கு. எத்தன அழகா இருக்குது பாருங்" என்று வெட்டுவாயைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "உள்ளார அத்தனையும் காத்து. அப்ப நல்ல சரக்குன்னா கணீர்னுதான பேசோணும்?"

அந்த வாரமே பல் டாக்டருக்குப் புது மட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார், அதுவும் அதே ரகத்தில். அதைத் தட்டிப் பார்க்க மட்டும் டாக்டர் விடவில்லை.

அதன் பிறகு மண்டிக்குக் கூரியர் வண்டி வருவதும் போவதுமாக இருந்தது. என் வரம்புக்குள் அடங்கும் மட்டைகளாகப் பார்த்து அண்ணன் தருவித்தார். ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் நடுவிலும் விரல் முட்டியால் தட்டுவார், கண்ணை மூடிக் கேட்பார். ஒன்றில் ஓரத்துப் பட்டை இப்போதே கழன்று கிலுகிலுத்தது. "கொழந்தைக்குக் குடுங்க, வெளையாடும்." கார்பன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒன்றை நகத்தால் சுரண்டினார், கார்பன் நகத்தோடு வந்துவிட்டது. "இது பேருக்குத்தானுங்க கார்பனு. அடில ஃபைபருக்குச் சாயம் பூசியிருக்கறான்." அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். தடிமனாக ஒன்று வந்தது. தட்டினால் தொம்மென்றது. அதை மறுபடி தட்டக்கூட இல்லை. "ஈரச்சரக்கு" என்று ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் மெலிசாக, சிவப்பாக, பளபளவென்று ஒன்று. தட்டினார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கணீரென்றது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"இதாங்க டீச்சர். கண்ணை மூடிட்டு எடுங்க."

எடுத்தேன். முதல் சில நாள் பந்து பறந்தது. பல் டாக்டரே, "என்ன டீச்சர், அடி இப்படி விழுது" என்றார். அண்ணன் மண்டிக்குள்ளிருந்து ஒவ்வொரு கணீருக்கும் தலையை ஆட்டுவார். இரண்டாவது வாரம் துணி பிழிய முடியவில்லை. அதற்கப்புறம் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க இடது கை தேவைப்பட்டது. எலும்பு டாக்டர் கையை நீட்டச் சொன்னார், நீட்டும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. "மட்டை மெலிசா விறைப்பா இருந்தா, பந்து மோதற அதிர்ச்சி நேரா முழங்கைக்குத்தான் வரும். கணீர்னு கேக்குதுன்னா உங்க எலும்புலயும் அதுதான் கேக்குது" என்றவர், களத்துப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மஞ்சளுக்கு எது நல்ல குணமோ அதுவே மட்டைக்குக் கெட்ட குணம். இதில் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு வேலையில் ஊறிப்போனவருக்கு உலகம் முழுவதும் அந்த வேலையாகத்தான் தெரியும். நானே கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் வரிசையையும் இலையையும் பெருக்கிப் பார்க்கிறவள்தான். ஆனால் இந்த நியாயமெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அன்றைக்குக் காலையில் எழுந்து, போக இடமில்லாமல், அடுப்படியில் நின்றபோது எனக்கு அவர்மேல் கோபம்தான் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

எலும்பு டாக்டர் சொன்னதை சரசு அக்காவிடம் சொல்லியிருந்தேன். அண்ணன் என் பக்கமே வரவில்லை. எதிரில் பார்த்தால் சந்தில் திரும்பிவிடுவார். ஒரு நாள் சரசு அக்காதான் வீடு தேடி வந்தார்.

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க டீச்சர். விடிஞ்சா போதும், அந்தச் செவப்பு மட்டை மாதிரியே ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு, குடோன் செவுத்துல பந்தை அடிச்சுட்டே இருக்கறாரு. அது முடிஞ்சு இன்னொரு மட்டை, அப்பறம் இன்னொண்ணு. இப்ப முழங்கை வீங்கிப்போச்சு. எண்ணெ தேச்சு உடுன்னு என்ற உசிர வாங்கறாரு. ஏனுங்க இந்த வயசுல இதெல்லாம்னு கேட்டா, வலி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியோணுமாம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் அந்த இடத்திலேயே இறங்கிப்போனது. அடுத்த வாரம் அவரே வந்தார். வலது முழங்கையில் கட்டு. இடது கையில் துணிப் பையில் சுற்றிய ஒரு மட்டை. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணா."

"இல்லீங்க, நிக்கறேன். டீச்சர், இந்த வெசயத்துல என்ற காது பொய் சொல்லிப்போடுச்சு. காதுக்கு நல்லாருந்ததெல்லாம் முழங்கைக்கு ஆகலீங்க." பையிலிருந்து மட்டையை எடுத்தார். அவர் முன்பு ஈரச்சரக்கு என்று ஒதுக்கிய அதே தடிமனான ரகம். "இதைப் பாருங். உள்ள தேன்கூடு தடியா இருக்குது, பந்து மோதுனா அதுவே தாங்கிக்குது. எடையும் கம்மி. தலைப்பக்கம் கனம் இல்ல. கைப்பிடியப் புடிச்சுப் பாருங், வெரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவால அடுத்த கையோட ஒரு வெரலு நொழையோணும். பழசுல உங்களுக்கு அது நொழையல. இறுக்கிப் புடிச்சே பாதி வலி. வெலையும் உங்க கணக்குக்குள்ளதானுங்க."

நான் ஒரு தட்டுத் தட்டினேன். தொம்.

அவர் முகம் சுருங்கியது. "தட்டாதீங்க டீச்சர். கேக்க முடியல. மஞ்சளா இருந்தா இதை மண்டிக்குள்ளயே உட மாட்டேன். ஆனா உங்க கைக்கு இதானுங்க."

தன் வாழ்நாளில் தொம்மென்று பேசிய ஒரு பொருளை அவர் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கை ஆறத் தை மாதம் வரை ஆனது. எலும்பு டாக்டர் ஒரே ஒரு ஆட்டம் மெதுவாக ஆடிப் பார்க்க அனுமதித்தார். அதிலும் வலித்தால் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். மஞ்சள் வர ஆரம்பித்துவிட்ட நேரம். களத்தில் முக்கால்வாசி மஞ்சள், நடுவில் எங்கள் கோடு மட்டும் மிச்சம். பயந்துகொண்டேதான் இறங்கினேன். பந்தும் மஞ்சள் நிறம் என்பதால் குவியலுக்குள் போனால் தேடி எடுக்கவே நேரமானது. பல் டாக்டர் எனக்காக மெதுவாகவே அடித்தார். தொம், தொம் என்று ஆட்டம் போனது. அண்ணன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு, என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டத்தில் மல்லசமுத்திரத்திலிருந்து ஒரு விவசாயி வேனோடு வந்து நின்றார். வழியில் தூறல் பட்டு மூட்டையில் ஈரம், உடனே வெயிலில் கொட்ட வேண்டும்.

"சித்த இருங்க. ஆட்டம் முடியட்டும்" என்றார் அண்ணன்.

மஞ்சள் காத்திருக்க, ஆட்டம் நடக்கிறது என்பது அந்த விவசாயிக்குப் புரியவில்லை. "ஏனுங்க, அந்தம்மா உங்க ஒறம்பரைங்களா?" என்று உறவு விசாரித்தார்.

"ஒறம்பரையெல்லாம் இல்லீங்க. டீச்சரு. நான் ஒரு மட்டையத் தப்பா எடுத்துக் குடுத்து அவிங்க கையைக் கெடுத்துப்போட்டேன். இப்ப நல்லாருக்குதான்னு கேட்டா, என்ற மனசு நோகுமேன்னு நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. அதான் கூடவே உக்காந்து பாத்துட்டிருக்கறேன். உங்க மஞ்சளுக்கு நாளைக்கும் வெயிலடிக்குமுங்க."

எதிர்ப்பக்கமிருந்து வந்த பந்து என்னைத் தாண்டிப் போய் மஞ்சளுக்குள் விழுந்தது. கை துளியும் வலிக்கவில்லை. அதை அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் திரும்பினேன். சொன்னால் நம்ப மாட்டார் என்று, மஞ்சளுக்குள்ளிருந்து பந்தைத் தேடி எடுத்து, அவர் பார்க்க அடுத்த அடியைத் தொம்மென்று அடித்தேன்.