செப்புக் கூம்புக்கு எழுந்த இணையம்

கிளை அலுவலகத்தில் வேலை நின்றுபோயிருந்தது. பக்தி மட்டும் நன்றாக ஓடியது. காலை முழுக்கக் கணினிகள் படுத்துக் கிடக்கும். பதினொரு மணிக்கு அலைச் சித்தர் வருவார். சுவரிலிருந்த இணையப் பெட்டிக்கு நேரே செப்புக் கூம்பைத் தூக்கி, "எழு!" என்பார். இணையம் எழும். உடனே மேசைக்கு ஒரு கூம்பு விற்றுவிடும். படித்தவர்கள் அல்லவா, பேரம் பேசினால் கௌரவம் என்னாவது?

கணினியில் வரைபடத்தைத் திறந்தால், 'நீங்கள் இருக்கும் இடம்' என்று தலைமை அலுவலகம் இருக்கும் ஊரைக் காட்டியது. "அந்த ஊர் ஆவி பெட்டிக்குள்ள உக்காந்திருக்கு. புதுசா வந்த பொண்ணுதான் கூட்டிட்டு வந்திருக்கா" என்றார் சித்தர்.

பழி புதிய கணக்காளர் தலையில் விழுந்தது. அவள் சேர்ந்த மாதம் இணையம் படுத்தது; அவ்வளவுதான் சாட்சி. மேலாளர் அவளை வேறு ஊருக்கு மாற்றும் ஆணையைத் தயாராக வைத்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. நடக்க முடியாத அப்பாவை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

தலைமை அலுவலகக் கணினிப் பிரிவு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"போன மாசம்தாம்மா உங்க கிளைய வி.பி.என்.ல சேத்தோம். உங்க இணையமெல்லாம் இங்க வந்துதான் வெளிய போகுது. அதான் எங்க ஊரைக் காட்டுது. காலையில இங்க கோப்பெல்லாம் நகலெடுப்போம், வழி அடைச்சுக்கும். பதினொண்ணுக்கு முடிஞ்சிரும்."

"நாளைக்கு நான் சொல்ற வரைக்கும் முடிக்காதீங்கண்ணே."

மறுநாள் சித்தர் கூம்பைத் தூக்கினார். "எழு!" எழவில்லை. "எழுந்திரு!" ம்ஹூம். "எழுந்திருடா ராசா!" ராசா அசையவில்லை. சித்தருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இந்தப் பொண்ணு வெளிய போனாத்தான் எழும்!"

அவள் சந்தோஷமாக வெளியே போய் நின்றாள். அப்போதும் எழவில்லை. அங்கிருந்தே எல்லோர் காதிலும் விழும்படி போனில் சொன்னாள்: "அண்ணே, நிறுத்துங்க."

திரைகள் விழித்துக்கொண்டன.

"பாத்தீங்களா என் சக்திய!" என்று துள்ளினார் சித்தர்.

"அண்ணே, திரும்ப ஓட்டுங்க."

இணையம் படுத்தது.

"நிறுத்துங்க."

எழுந்தது. நடந்ததை அவள் விளக்கி முடிப்பதற்குள் சித்தர் கூம்பைப் போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினார். அசடு வழிந்த மேலாளர் மாற்றல் ஆணையைக் கிழித்துப் போட்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மூச்சு விட்டு முடிக்கவில்லை, தட்டச்சர் அவள் போனுக்கு முன்னால் வந்து கைகூப்பி நின்றார். "தாயே, என் பிரிண்டர்ல காகிதம் சிக்கியிருக்கு. அருள் புரியணும்."

"பிடிச்சு உருவுங்க சார். அதுக்கு முதல்ல கூப்பின கையைப் பிரிக்கணும்."