வாய் படாத கிண்ணம்

டீ கொடுத்தால் குடிக்காமல், கிண்ணத்தைத் தூக்கி அதன் அடிப்பாகத்தை ஆராய்கிற மனிதர்களை நம்பாதீர்கள். நான் இரண்டு வருஷம் அப்படித் திரிந்தவன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருமுறை கண்ணாடி கிளாஸைக்கூடச் சாய்த்துப் பார்த்து வேட்டியை நனைத்துக்கொண்டேன். (டீ அதில் இருந்தது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.)

அப்போது கோவில்பட்டியில் நிலாவரை இலை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தேன். வயிற்றைச் சுத்தம் செய்கிற இலை. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் விளைவதை வாங்கி, காயவைத்து, சலித்து, மூட்டை கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்பினால், ஜப்பானில் யாரோ காலையில் நிம்மதியாக இருப்பார்கள். இலையின் தரம் பார்க்க ஹயாஷி என்ற வியாபாரி வருஷத்துக்கு ஒருமுறை வருவார். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தடவை, மரப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே துணியில் பொதிந்த ஒரு மண் கிண்ணம். விளிம்பு கோணல். மேல்பூச்சு பாதி வரை வழிந்து, அதற்குமேல் மனமில்லாமல் நின்றிருந்தது.

என் மனைவி வடிவு அதைப் பார்த்துவிட்டு, "பாவம், சூளையில ஏதோ ஆயிப்போச்சு போல. தூரப் போட மனசில்லாம நமக்குக் குடுத்திருக்காவ" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹயாஷி என் கையைப் பிடித்துக் கிண்ணத்தின் மேல் வைத்தார். ஒரு பள்ளத்தில் என் கட்டைவிரல் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. செய்தவரின் விரல் அழுந்திய இடமாம். அந்த நிமிஷத்தோடு நான் கெட்டேன்.

இரண்டே வருஷத்தில் ஹயாஷி மூலமும் தூத்துக்குடிக் கப்பல் ஏஜெண்டு நண்பர்கள் மூலமும் பதினொரு கிண்ணம் சேர்த்துவிட்டேன். வடிவு கல்யாணத்தில் கொண்டுவந்த எவர்சில்வர் சாமானெல்லாம் கண்ணாடி அலமாரியிலிருந்து பரணுக்குக் குடிபோயின. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும், கிண்ணத்தின் அருமை அடிப்பாகத்தில்தான் தெரியும் என்று பிரசங்கம் நடக்கும். ஹயாஷி கொடுத்த ஒரு புத்தகம்தான் எனக்கு வேதம். (முழுக்க ஜப்பானிய எழுத்து. நான் படம் மட்டும் பார்த்துப் பண்டிதனானவன்.)

இரண்டாம் வருஷத்து வருகையில் ஹயாஷி தன் அண்ணனையும் கூட்டிவந்தார். அண்ணன் கிண்ணம் செய்கிறவர். அவர் கொண்டுவந்திருந்த கறுப்புக் கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மழை பெய்த மறுநாள் கரிசல் மண் இருக்குமே, அந்தக் கறுப்பு. அண்ணன் எதையும் விற்கமாட்டாராம். ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து டீ குடிப்பாராம். குடிக்கிற விதம் பார்த்து, மனசுக்குப் பிடித்தால் கொடுத்துவிட்டுப் போவாராம். எனக்கு அந்தக் கிண்ணம் வேண்டும். அதற்காக இலை வியாபாரத்தையே எழுதிக் கொடு என்றாலும் கொடுத்திருப்பேன்.

வீட்டில் நானும் வடிவும் மட்டும்தான். குடும்பத்துக்கு எங்கே போவது? தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்) வைத்திருந்த மாமனாரையும் அத்தையையும் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தேன். மாமா வெளுத்த சட்டையோடு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டார். நான் முந்திக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தேன். எனக்குத்தானே எல்லாம் தெரியும்!

குழாயில் தண்ணீர் வந்து ஆறு நாளாகியிருந்தது. சேர்த்து வைத்திருந்த நல்ல தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தோம். அண்ணன் கறுப்புக் கிண்ணத்தில் பச்சைப் பொடியைப் போட்டு, வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் கூழாகக் குழைத்தார்.

மாமா என் காதில், "மாப்ள, நம்ம சரக்கத்தான் பொடிச்சுக் கொண்டாந்திருக்காவளோ? நாளைக்கு நான் ஒரு கலியாணத்துக்குப் போணும்" என்றார்.

நான் கிண்ணத்தை வாங்கினேன். படத்தில் பார்த்தபடி திருப்பினேன். கண்களைச் செருகிக்கொண்டு, உதட்டைப் பதித்து, மூன்று மடக்கு உறிஞ்சினேன். ஹயாஷி என்னிடம் ஒரு துணியைக் கொடுத்து, விளிம்பைத் துடைத்துவிட்டு அதே கிண்ணத்தை அடுத்தவரிடம் கொடுக்கச் சொன்னார். இந்த டீ ஒரே கிண்ணத்தில் எல்லோரும் குடிப்பதாம்.

புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்குப் படம் இல்லை.

நான் துடைத்து நீட்டினேன். மாமா கையை நீட்டவில்லை.

"மாப்ள, எச்சி பண்ணிட்டீங்களே!"

"துடைச்சிட்டேன் மாமா."

"வெளிய தொடச்சா உள்ள இருக்கது எச்சி இல்லன்னு ஆயிருமா? அந்தா பதினொண்ணு அடுக்கி வச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணு எடுத்து எனக்குத் தனியா ஊத்தச் சொல்லுங்க."

அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் என்ன விஷயம் என்று பார்த்தார். என் மாமனார் பிரார்த்தனையில் இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு புளுகு விட்டேன். பிரார்த்தனையில் இருந்தவர், "யாரு எச்சியையும் நான் குடிச்சதில்ல" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். கறுப்புக் கிண்ணம் ஜப்பானுக்கே திரும்பிப் போவது என் கண்ணில் தெரிந்தது.

வடிவுதான் எழுந்தாள். என் கையிலிருந்ததைப் பிடுங்கி மிச்சத்தைக் குடித்தாள். கிண்ணத்தை அலசித் துடைத்து அண்ணன் முன்னால் வைத்து, இன்னொரு தரம் போடுங்கள் என்று கையால் காட்டினாள். போட்டதும் நேரே தன் அப்பாவிடம் கொடுத்தாள்.

"அப்பா, நீங்க நம்ம வீட்ல குடிக்க மாதிரி குடிங்க. இவிய கடைசியில குடிக்கட்டும்."

மாமா கிண்ணத்தை நெற்றிக்கு மேல் தூக்கினார். அண்ணாந்து வாயைத் திறந்தார். கூழ் டீ அசையவில்லை. மாமாவும் அசையவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. (இலையே வேண்டியிருக்கவில்லை.) பிறகு ஒரு பச்சை நூல் மெல்ல இறங்கி, நேராகத் தொண்டைக்குள் போயிற்று. மீசையில் படவில்லை. சட்டையில் ஒரு பொட்டு இல்லை. அத்தை வாங்கி அதே மாதிரி குடித்தார். வடிவும் குடித்தாள். விளிம்பில் ஓர் உதட்டின் தடம்கூட இல்லை.

ஜப்பான்காரர்கள் இருவரும் முழங்காலில் எழும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விட்ட மானத்தைப் பிடிக்க இதுதான் சமயம் என்று நானும் அண்ணாந்தேன். இரண்டு வருஷமாக உதடு பதித்தே குடித்த வாய்க்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. டீ மூக்குக்குள் போனது. புரையேறி, நான் போட்ட தும்மலில் அண்ணனின் முகமும் சட்டையும் பச்சையாகிவிட்டன.

அத்தை ஓடிவந்து என் தலையில் தட்டி, "யாரோ நெனைக்காவ" என்றார்.

"எதுத்தாப்ல இருக்க மனுசந்தான் நெனைப்பாரு. நல்லதா நெனைக்க மாட்டாரு" என்றார் மாமா.

அண்ணன் நிதானமாக முகத்தைத் துடைத்தார். ஏன் யாரும் வாய் வைக்கவில்லை என்று தம்பியைக் கேட்கச் சொன்னார். ஹயாஷி என்னைக் கேட்டார்; நான் மாமாவிடமே கேட்டேன்.

"தண்ணி இல்லாத ஊரு மாப்ள. நம்ம ஆபீஸ்ல நூறு பேரு ஒரே செம்புல குடிக்காவ. ஆளாளுக்குக் கழுவுனா குடிக்கத் தண்ணி ஏது?"

திக்கித் திணறிச் சொன்னேன். அண்ணன் மாமாவுக்குத் தலை தாழ்த்தி ஏதோ சொன்னார். "அடுத்தவருக்காக நாங்கள் துடைத்துக் கொடுக்கிறோம். இவர்கள் துடைப்பதற்கு எதையும் மிச்சம் வைப்பதே இல்லை" என்று ஹயாஷி மொழிபெயர்த்தார். அண்ணன் தானும் அண்ணாந்து குடித்துப் பார்த்தார். அவர் மூக்கிலும்தான் வழிந்தது. அதில் எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது. வீடே சிரித்தது.

கிளம்பும்போது அண்ணன் கறுப்புக் கிண்ணத்தைப் பெட்டியில் வைத்து இரண்டு கையிலும் ஏந்திவந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப்போய் மாமாவிடம் கொடுத்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள்.

மாமா பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு எதுக்கு? வீட்ல செம்பு கெடக்கு. ஏட்டி வடிவு, இந்தா. உன் சீர்ல ஒண்ணு கொறையுதுன்னு உங்கம்மா கலியாணத்துலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கா."

கிண்ணம் என் வீட்டை விட்டுப் போகவில்லை! சந்தோஷத்தில் மாமாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மண்ணைக் கையால் பிடித்த ஒரு பெரிய கலைஞர், தன் கிண்ணத்தை எங்கள் கரிசல்காட்டு வாய்களை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். உலகத்தில் எந்தச் சேகரிப்பாளனுக்கு இப்படிப் பொண்டாட்டி வீடு வாய்க்கும்? அவர்கள் ஜெயித்ததற்கு நான் இன்றும் மீசையை முறுக்குகிறேன்.

ஆனால் சீர் என்றால் சீர்தான். அலமாரிச் சாவி அன்றிலிருந்து வடிவின் இடுப்பில். எவர்சில்வர் சாமான்கள் பரணிலிருந்து ராஜமரியாதையோடு இறங்கிவந்தன. சென்னையிலிருந்தெல்லாம் கிண்ணம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கிண்ணத்தின் அடிப்பாகத்தை விளக்க ஆரம்பிப்பேன். அவர்கள் கண் நேராகக் கறுப்புக்குத்தான் போகும். அதில் ஒரு வாய் டீ குடிக்கலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வடிவு அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள்:

"அது எங்கப்பா போட்ட சீரு. அண்ணாந்து குடிக்கவிய மட்டுந்தான் அதத் தொடணும். வாய் வச்சுக் குடிக்கவியளுக்கு அந்தா, எங்க வீட்டுக்காரவிய சேத்தது பதினொண்ணு இருக்கு!"