பெட்டித் தொட்டியில் தலைவர் முகம்

மனித நாகரிகம் உருளையை விட்டுப் பெட்டிக்கு முன்னேறிய திருநாளில், பக்கத்திலேயே நிற்கும் பேறு எனக்குக் கிடைத்தது. கிரேக்க நாட்டில், எங்கள் மெசினியா வட்டார ஆலிவ் எண்ணெய்க் கூட்டுறவுச் சங்கத்தின் செயலர் நான்.

புதிய எண்ணெய்த் தொட்டி உருளையாக இல்லாமல் சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்றார் தலைவர் திராசிவூலோஸ். காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. சாலைப் பக்கச் சுவரில் அவர் முகத்தை வரையவிருந்தோம். வளைந்த சுவரில் காது பின்னால் போய்விடும். நிர்வாகக் குழு ஏழு பேரும் கை தூக்கி ஆதரித்தோம்.

தொட்டியின் இரும்புத் தகடுகளைப் பற்றவைக்கும் கல்லிரோயிக்கு மட்டும் திருப்தியில்லை. அவள் கவலையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் எண்ணெய் எல்லாப் பக்கமும் தள்ளும். வட்டச் சுவர் அந்தத் தள்ளலைச் சுற்றிலும் பகிர்ந்துகொண்டு, வளையம்போல இறுகி நிற்கும். தட்டைச் சுவர் நடுவில் வீங்கும். பாரம் மூலைகளைப் பிய்க்கும்.

ஐம்பத்திரண்டு குடும்பங்களின் அறுவடை முழுவதையும் ஊற்றினோம். திறப்பு விழாவன்று காலையில், சுவரில் வரைந்திருந்த தலைவரின் மூக்கு ஒரு சாண் முன்னேறியிருந்தது.

"தலைவரே, மூலை விட்டுரும். பாதி எண்ணெய இப்பவே இறக்கிடலாம்," என்றாள் கல்லிரோயி.

"மத்தியானம் அமைச்சர் வராரும்மா. அரைத் தொட்டியவா காட்டச் சொல்றே?"

"உங்க கன்னம் வீங்கிக்கிட்டே போகுது!"

"வளர்ச்சின்னா அப்படித்தான் இருக்கும்."

குழு அவசரமாகக் கூடியது. எண்ணெயைக் குறைப்பதா, கன்னத்தைக் குறைப்பதா? ஏழு கைகளும் கன்னத்துக்கே உயர்ந்தன. ஓவியன் மந்தோஸ் ஏணியோடு வந்தான்.

"எவ்வளவு குறைக்கணும்ணே?" என்று என்னைக் கேட்டான்.

"போன தேர்தல் அளவுக்கு வந்தாப் போதும்ப்பா."

இரண்டாவது கன்னம் முடிவதற்குள் மூலை கிழிந்தது. "டின்ன எடுத்துக்கிட்டு ஓடியாங்க!" என்று கத்தினாள் கல்லிரோயி. ஊரே ஓடி வந்து பிடித்தும் பாதிதான் மிஞ்சியது. மீதி சாலையில் ஓட, அமைச்சரின் கார் வழுக்கித் திரும்பி, வந்த வழியே போயிற்று. உள்ளே அழுத்தம் குறையவும் சுவர் தட்டையானது. குறைத்து வரைந்த முகம் பத்து நாள் பட்டினி கிடந்ததுபோல ஒட்டிப்போயிற்று.

"யார்யா என்னை இப்படி ஆக்கினது?" என்றார் தலைவர்.

விசாரணை அறிக்கையை நானே எழுதினேன்: 'தலைவரின் முகம் என்றும் பாராமல் எண்ணெய் எதிர்த்துத் தள்ளியதே விபத்துக்குக் காரணம்.'

அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எங்கள் குழுவில் யாரும் எதையும் எதிர்த்துத் தள்ளவில்லை. ஏழு பேரின் கைகளும் மேலே இருந்தன.